சலித்த மண்

ஹல் நகரத்துக்கு மேற்கே, ரயில் பாதையை ஒட்டி
கார்பட் மண் கிடங்கு.
அள்ளுவதும் லாரி ஓட்டுவதும் என் வேலை.
விலைப்பட்டியலில் மண் மூன்று வகை:
சிக்கனம், உயர்தரம், புல்வெளிச் சிறப்பு.
முற்றத்தில் குவியல் ஒன்று.

எப்போதும் ஒரே மண் என்றால் அதுவும் பொய்.
திங்களன்று வருவது
புதுக் குடியிருப்புக்கு அஸ்திவாரம் தோண்டிய
மஞ்சள் களி.
பூட்ஸைப் பிடித்துக்கொண்டு விடாது.
வியாழனன்று சர்க்கரை ஆலையிலிருந்து
பீட்ரூட் கிழங்கைக் கழுவியபோது இறங்கிய வயல் மண்.
நல்ல இருவாட்டி. கையில் பிடித்தால் பிடிபடும்,
விரலால் தட்டினால் புட்டுப்போல் உதிரும்.
எந்தக் கிழமை பணம் கட்டினாய் என்பதுதான்
உன் தோட்டத்தின் ஜாதகம்.

‘சலித்ததுதானே?’ என்று போனில் கேட்பார்கள்.
சலித்ததுதான்.
சல்லடைக் கண்ணில் நுழையக்கூடியது எல்லாம்
நுழைந்து வரும்:
செங்கல் பொடி, பச்சைக் கண்ணாடிச் சில்லு,
ஒருமுறை
சுண்டுவிரல் நீளத்தில் ஒரு பொம்மையின் கை.
அருகம்புல் மாதிரி இங்கும் ஒரு புல் உண்டு.
அதன் வேர் நூறு துண்டானால்
நூறு புல்.
அதையும் நாங்கள் சலித்தே தருகிறோம்.

கண்ணில் மண்ணைத் தூவுவது என்பார்கள்.
டன் கணக்கில்
வாசலுக்கே கொண்டுபோய்த் தூவுகிறோம்,
ரசீதோடு.

மார்ச் கடைசியில் தெல்மா ஸ்டாதர்ஸ்
ஒரு டன் உயர்தரம் கேட்டிருந்தார்.
அன்று செவ்வாய்.
பையை நடைபாதையில் இறக்கினேன்.
அவர் கத்தவில்லை.
உள்ளே போய் ஒரு ஜாம் ஜாடி கொண்டுவந்தார்.
மூன்றில் ஒரு பங்கு மண், மிச்சம் தண்ணீர்,
பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு.
குழந்தைக்குக் கிலுகிலுப்பை ஆட்டுவதுபோல் ஆட்டி
மதில்மேல் வைத்தார்.

‘மணல் ஒரு நிமிடத்தில் இறங்கும்.
வண்டலுக்கு இரண்டு மணி நேரம்.
களிக்கு எத்தனை நாள் என்று
உங்கள் முதலாளியைக் கேளுங்கள்.’

நாலாம் நாள் அந்தத் தெருவில் வேறு வேலை.
ஜாடி இன்னும் மோர்க்குழம்பு நிறத்தில் இருந்தது.
மூடியை இறுக்கி என் கையில் கொடுத்தார்.

கார்பட் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான்.
‘அழகாய்த்தான் இருக்கு’ என்றான்.
ரசீதுக் கட்டு பறக்காமலிருக்க
அதன்மேல் வைத்தான்.

நான் இன்னொரு ஜாடி வாங்கினேன்.
பிறகு இன்னொன்று.
கிழமை எழுதி வரிசையாக
ஓட்டுநர் அறை ஜன்னலில் அடுக்கினேன்.
காரட் போடப் போகிறோம் என்பவர்களிடம் மட்டும்
குரலைத் தாழ்த்திச் சொன்னேன்:
வியாழக்கிழமை பாருங்கள்.
ஆக்வைட் தம்பதிக்குச் சொன்னேன்.
பள்ளித் தோட்டத்து இவோனாவுக்குச் சொன்னேன்.
சொன்னவர்கள் மற்றவர்களுக்குச் சொன்னார்கள்.

மே மாதப் பட்டியலில் நாலாவது வகை ஒன்று வந்தது.
‘வியாழன் மண்.’
டன்னுக்குப் பன்னிரண்டு பவுண்டு அதிகம்.
வாரம் முழுக்கக் கிடைக்கும்.

அன்று சலித்தது மண் மட்டுமில்லை.

ஜூனில் தெல்மா வேலிக்கு அந்தப் பக்கம்
முட்டிபோட்டு ஏதோ செய்துகொண்டிருந்தார்.
பாத்தி வெடித்துக் கிடந்தது.
வெடிப்புக்குள் மக்கிய இலையும்
காப்பித்தூள் சக்கையும் திணித்திருந்தார்.
அவரை பத்து நட்டதில் ஆறு ஏறியிருந்தது.
‘உங்கள் மண்ணை நான் மன்னிக்கவில்லை,
வேலை வாங்குகிறேன்’ என்றார்.
ஒரு பையைக் கொடுத்தார். பிஞ்சு அவரை,
கழுவாதது.

வண்டியைக் கிளப்பினேன்.
ஜன்னலில் ஜாடிகள் ஒன்றோடொன்று இடித்துக் கிணுங்கின.
வியாழன் என்று எழுதியதும்,
செவ்வாய் என்று எழுதியதும்,
முதல் பள்ளத்திலேயே
ஒரே நிறமாய்க் கலங்கின.